சொன்னால்தான் எரிய வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சிறுவயதில் மாமாவின் பழைய காரில் அந்த மலை ஏறும்போதெல்லாம் மூன்றாவது நான்காவது வளைவிலேயே முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதுபோல. மாமா கியரை இறக்குவார், சத்தம் அடங்கும். மறுபடி ஏற்றினால் மறுபடி குலுக்கல். வினோதம் என்னவென்றால், பாதை கடைசி வரை அதே செங்குத்தாக இருந்தாலும், மேலே போகப் போக சத்தம் குறைந்துவிடும்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். மாலையில் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நாக்கிங் அடிக்குது சார். டைமிங் அட்வான்ஸா இருந்துச்சு, கொஞ்சம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன். அப்படியே பெட்ரோலையும் வேற பங்க்ல போட்டுப் பாருங்க."

மூன்று சூத்திரங்கள். இந்த அத்தியாயம் அவற்றுக்கு நான் எழுதும் உரை.

உரைக்கு முன்னால் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிட வேண்டும். பங்கில் சாதாரண பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே 95 என்றும் 100 என்றும் எண் போட்ட பெட்ரோல் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இந்தியன் ஆயில் நிறுவனம் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100 ஆக்டேன் பெட்ரோலை 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியபோது, அது ஏதோ லேகியம் போல வண்டிக்குத் தெம்பு ஏற்றும் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். எண் பெரிதானால் சக்தியும் பெரிது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஆக்டேன் எண் சக்தியின் அளவே அல்ல. அந்த அளவுகோலின் 0 புள்ளியாக வைக்கப்பட்டிருக்கும் திரவம் நார்மல் ஹெப்டேன். 100 புள்ளியாக இருப்பது ஐசோ-ஆக்டேன். ஒரு கிலோ ஹெப்டேனை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 44.6 மெகாஜூல். ஒரு கிலோ ஐசோ-ஆக்டேனை எரித்தால் சுமார் 44.3. பூஜ்யம் வாங்கியவரிடம்தான் வெப்பம் ஒரு துளி அதிகம்!

அப்படியானால் 100 வாங்கியவர் எதில் கெட்டிக்காரர்? பொறுத்திருப்பதில். ஸ்பார்க் பிளக் பொறி தட்டும்வரை, எவ்வளவு அமுக்கினாலும் எவ்வளவு சூடாக்கினாலும், தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதில். ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் பொறுமைக்குப் போடப்பட்ட மதிப்பெண்.

இந்தப் பொறுமை ஏன் தேவைப்படுகிறது என்று புரிய ஒரு சைக்கிள் பம்ப் போதும். டியூபுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உராய்வால் வரும் சூடு கொஞ்சம். பெரும்பகுதி காற்றை அமுக்கியதால் வந்த சூடு. இன்ஜினுக்குள் பிஸ்டன் செய்வதும் இதுதான். கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உள்ளிழுக்கிறது. மேலே ஏறும்போது அதை ஒரு மூலைக்குள் நெருக்குகிறது. பத்து பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்துக்குள் அடைத்தால் அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று. மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் ரேஷியோ என்பது இதைத்தான். அந்த நெருக்கலின் முடிவில், இன்னும் தீயே வைக்காத நிலையில், உள்ளே இருக்கும் கலவை ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும்.

இப்படி வம்பாக ஏன் அமுக்க வேண்டும்? எவ்வளவு அமுக்கினோமோ அவ்வளவுதான் எரிந்த வாயுவுக்கு விரிய இடம் உண்டு. வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுவதுதான் வேலை. விரிய இடம் தராவிட்டால் மிச்சச் சூடு வேலை செய்யாமலே புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். உராய்வோ வெப்ப இழப்போ இல்லாத ஒரு கற்பனை இன்ஜினுக்குக் கணக்குப் போட்டால், விகிதம் 4 என்றால் பெட்ரோலின் வெப்பத்தில் 43 சதவீதம் வேலையாகும்; 8 என்றால் 56; 10 என்றால் 60; 12 என்றால் 63. நிஜ இன்ஜின்கள் இதற்கு வெகு கீழே நிற்கும். இன்றைய மிகச் சிறந்த பெட்ரோல் கார் இன்ஜின்களே 40 சதவீதத்தை ஒட்டித்தான் தொடுகின்றன. ஆனாலும் போகும் திசை இதுதான்: அதிகம் அமுக்கினால் அதே பெட்ரோலில் அதிக தூரம். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் அமுக்க விகிதம் சுமார் 4.5 மட்டுமே. இன்றைய சாதாரணக் கார்களில் அது பத்து, பன்னிரண்டு. இடைப்பட்ட நூறாண்டுப் பயணத்தில் வழியை மறித்து நின்றது இரும்பின் வலிமையோ எந்திரக் கலையோ அல்ல, எரிபொருளின் பொறுமையின்மை.

சிலிண்டருக்குள் நடப்பதை நிதானமாகப் பார்ப்போம். நாமெல்லாம் அங்கே ஒரு வெடிப்பு நடப்பதாக நினைக்கிறோம். ஒழுங்கான இன்ஜினில் வெடிப்பு நடப்பதில்லை, தீ பரவுகிறது. பிளக்கில் பொறி தட்டியதும் அங்கே ஒரு சிறு நெருப்புப் பந்து பிறந்து, நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் சுற்றிலும் விரிகிறது. எதிர்ச் சுவரை அடைய இரண்டு மூன்று மில்லிநொடி பிடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே 20 மில்லிநொடிதான். ஆகவே தீ பரவும் நேரம் புறக்கணிக்கக் கூடியதல்ல. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே பொறியைத் தட்டிவிட்டால்தான், அது உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த முன்கூட்டிய தட்டல்தான் மெக்கானிக் சொன்ன 'டைமிங் அட்வான்ஸ்'.

இப்போது பிளக்கிலிருந்து எட்டத்தில், ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும் கடைசிக் கலவையை எண்ணிப் பாருங்கள். பிஸ்டன் அதைக் கீழிருந்து நெருக்குகிறது. எரிந்து விரிந்துகொண்டிருக்கும் நெருப்புப் பந்து பக்கத்திலிருந்து நெருக்குகிறது. அதன் சூடு ஏறிக்கொண்டே போகிறது. தீ தன்னை வந்து சேரும்வரை அது காத்திருந்தால் நல்லது. காத்திருக்காமல் தானே பற்றிக்கொண்டால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவும் பேச்சே கிடையாது. மிச்சம் இருந்த மொத்தமும் ஒரே கணத்தில் எரிந்துவிடும். சிவகாசிச் சரவெடியை நுனியில் கொளுத்தினால் அது வரிசையாக வெடித்துக்கொண்டு போவது ஒன்று. சரம் பாதி போய்க்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதி மொத்தமாக ஒரே வீச்சில் வெடித்தால்? அதுதான் நாக்கிங். சிலிண்டருக்குள் அழுத்த அலை ஒன்று சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கிறது. சாதாரணக் கார் சிலிண்டரின் அகலத்துக்கு அந்த அலை நொடிக்கு ஆறாயிரம் ஏழாயிரம் தடவை அதிரும். நான் கேட்ட கூழாங்கல் சத்தம் இந்த அதிர்வுதான்.

சத்தத்தோடு போனால் பரவாயில்லை. எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல்; பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியும் பிஸ்டன் உருகாமல் இருக்கக் காரணம், உலோகத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய, ஒப்பீட்டளவில் குளிர்ந்த வாயுப் போர்வை. நாக்கிங் அலை அந்தப் போர்வையை உரித்தெறிந்துவிடும். நெருப்பு நேரடியாக உலோகத்தைத் தொடும். விடாமல் நாக்கிங் அடித்த இன்ஜினைப் பிரித்தால் பிஸ்டன் தலையில் ஓரமாக எறும்பு அரித்தாற்போல் குழிகள் தெரியும். வளையங்கள் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கும். முற்றிப்போனால் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

ஆக ஒவ்வொரு அடியிலும் ஒரு பந்தயம் நடக்கிறது. தீ கடைசி மூலையை எட்ட எடுக்கும் நேரம் ஒரு பக்கம். அந்த மூலை தானாகப் பற்ற எடுக்கும் நேரம் மறுபக்கம். இதை வைத்துக்கொண்டு பார்த்தால் ஏற்காட்டு மலையின் விடுகதைகள் அவிழ்கின்றன. மாமா கியரை இறக்கியதும் இன்ஜின் வேகமாகச் சுழன்றது. மூலைக் கலவைக்கு வேகக் கிடைத்த நேரம் குறைந்தது, ஒவ்வொரு அடியின் பாரமும் குறைந்தது. மேலே போகப் போக சத்தம் அடங்கியதற்குக் காரணம் மெலிந்த காற்று. உள்ளே வரும் காற்றே குறைவு என்றால் அமுக்கிய பின் அழுத்தமும் குறைவு. அமெரிக்காவின் டென்வர் போன்ற உயரமான ஊர்களில் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைச் சாதாரண பெட்ரோலாக விற்கும் வழக்கம் கார்புரேட்டர் காலத்தில் இதை நம்பித்தான் வந்தது. மெக்கானிக் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியது, உச்ச அழுத்தத்தைத் தாமதப்படுத்தி மூலைக் கலவையின் நெருக்கடியைத் தணிக்க. பலன் கிடைக்கும், ஆனால் இழுவை கொஞ்சம் போகும்.

மூன்றாவது சூத்திரம், பங்கை மாற்றச் சொன்னது? அந்தக் காலத்தில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்கும் கலப்படம் ஊரறிந்த ரகசியம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியதே கலப்படக்காரரைக் காட்டிக்கொடுக்கத்தான். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் நீளமானவை, பொறுமை மிகக் குறைந்தவை. கொஞ்சம் கலந்தாலும் பெட்ரோலின் மதிப்பெண் விழுந்துவிடும்.

மூலக்கூறின் வடிவத்துக்கும் பொறுமைக்கும் என்ன உறவு? ஹெப்டேனை முருங்கைக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஏழு கார்பன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில், கிளை கிடையாது. ஐசோ-ஆக்டேன் இஞ்சிக் கிழங்கு: ஐந்து கார்பன் தண்டு, அதில் மூன்று கார்பன் மொட்டுகள். தானாகப் பற்றும் வேலை ஒரு ஹைட்ரஜன் அணு பிடுங்கப்படுவதில் தொடங்குகிறது. பிடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிய ஆக்சிஜன், மூலக்கூறு வளைந்து கொடுத்தால், அதே மூலக்கூறின் இன்னோர் இடத்திலிருந்து மேலும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது உடையும்போது ஒன்றுக்கு இரண்டாகக் கலகக்காரத் துண்டுகள் பிறக்கும். அவை அடுத்த மூலக்கூறுகளைத் தாக்கும். கலகம் பெருகிப் பெருகித் தீயாகும். கார்பன் சங்கிலியின் நடுவில் இருக்கும் ஹைட்ரஜன்கள் எளிதில் பிடுங்க வருபவை. முனையில் இருப்பவை இறுக்கமானவை. ஹெப்டேனின் 16 ஹைட்ரஜன்களில் பத்து நடுவில் இருக்கின்றன. ஐசோ-ஆக்டேனின் 18-இல் பதினைந்து முனைகளில் இருக்கின்றன. போதாக்குறைக்கு அதன் குட்டைத் தண்டு எளிதில் வளைந்தும் கொடுக்காது. எண்ணிப் பார்த்தாலே யார் பொறுமைசாலி என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டு திரவங்களையும் அளவுகோலின் இரு முனைகளாக 1926-இல் தேர்ந்தெடுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர். அருமையான தேர்வு. ஹெப்டேன் கொதிப்பது 98.4 டிகிரியில், ஐசோ-ஆக்டேன் 99.2 டிகிரியில். எடை, ஆவியாகும் தன்மை, வெப்பம் எல்லாவற்றிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பொறுமையில் மட்டும் இரு துருவங்கள். சுத்தமான ஹெப்டேனுக்கு எட்கர் காலத்தில் கைகொடுத்தது ஜெஃப்ரி பைன் என்னும் கலிஃபோர்னிய மரத்தின் பால். டர்பன்டைன் காய்ச்சுபவர்கள் அந்த மரத்தை அதன் உறவுக்கார மரம் என்று தவறாக எண்ணி அதன் பாலைக் கொப்பரையில் ஏற்றி, கொப்பரை வெடித்த கதைகள் உண்டு. காய்ச்சியது கிட்டத்தட்ட ஆக்டேன் பூஜ்யம் பெட்ரோல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு பெட்ரோலுக்கு மதிப்பெண் போட, அமுக்க விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்று இருக்கிறது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் உருவான அந்த வடிவம்தான் இன்றும் உலகெங்கும் நடுவர். சோதிக்கும் பெட்ரோல் எந்த அளவு தட்டுகிறதோ அதே அளவு தட்டும் ஹெப்டேன், ஐசோ-ஆக்டேன் கலவையைத் தேடுவார்கள். 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்ததைப்போல நடந்துகொண்டால் அது 91. அந்தப் பெட்ரோலில் 91 சதவீதம் ஆக்டேன் இருப்பதாக அர்த்தம் இல்லை. எத்தனாலின் மதிப்பெண் 108-ஐத் தாண்டும், அதில் ஆக்டேன் ஒரு துளிகூடக் கிடையாது.

இதில் ஒரு குழப்பம். அதே இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி எடுக்கும் எண் ஒன்று, 900 சுற்றில் கலவையை நன்றாகச் சூடாக்கி ஓட்டி எடுக்கும் கடுமையான எண் இன்னொன்று. முதலாவது ஆர்.ஓ.என்.; இரண்டாவது எம்.ஓ.என். இந்தியா, இலங்கை, ஐரோப்பா எல்லாம் முதலாவதை எழுதுகின்றன. அமெரிக்கா இரண்டின் சராசரியை எழுதுகிறது. அமெரிக்க பங்கில் 87 என்றிருப்பது நம் கணக்கில் ஏறக்குறைய 91. 'அமெரிக்காவிலேயே 87தான் போடுகிறார்கள்' என்று வாதாடும் உறவினர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அவருக்கு இந்தப் பத்தியைக் காட்டலாம்.

நாக்கிங்கைத் தீர்க்க மனிதர்கள் போட்ட குறுக்கு வழி தனிக் கதை. காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் தந்த சார்லஸ் கெட்டரிங், பண்ணை வீடுகளுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் சிறு மின்னாக்கிகளும் தயாரித்து விற்றார். அவை பயங்கரமாகத் தட்டின. காரணம் கண்டுபிடிக்கும்படி 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைத்தார். பனி விலகும் முன்பே பூக்கும் ஒரு காட்டுக் கொடியின் இலைகள் சிவந்திருப்பதை இருவரும் நினைவுகூர்ந்தார்கள். சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக உறிஞ்சுகிறதோ? மண்ணெண்ணெயைச் சிவப்பாக்கினால் அது முன்னதாக ஆவியாகித் தட்டாமல் இருக்குமோ? மிட்ஜ்லி சாயம் தேடினார். கிடங்கில் சிவப்புச் சாயம் இல்லை, அயோடின் இருந்தது. கலந்தார். சத்தம் குறைந்தது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களை வாங்கிக் கலந்து பார்த்தால் ஒரு பயனும் இல்லை. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, அயோடினுக்குத்தான் சம்பந்தம். தப்பான கோட்பாடு சரியான கதவைத் திறந்துவிட்டது.

அதன்பின் ஐந்து வருடம் கண்ணில் பட்டதையெல்லாம் கலந்து பார்த்தார்கள். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த நாற்றம் குளித்தாலும் உடம்பை விட்டுப் போகவில்லை. 1921 டிசம்பர் 9 அன்று டேட்டன் நகர ஆய்வுக்கூடத்தில் டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியிருக்கவில்லை, நாக்கிங் நின்றுவிட்டது. 1923 பிப்ரவரியில் 'எத்தில்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரில் ஈயம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரியாததல்ல. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னிலையில் அந்தத் திரவத்தில் கை கழுவி, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய வருடம்தான் அவரே ஈய நஞ்சால் படுத்திருந்து ஓய்வெடுத்தவர். எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஈயத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, ஆல்கஹால் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று இதே குழுவுக்குத் தெரியும். 1921-இல் 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் மிட்ஜ்லியே கார் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயத்துக்குக் காப்புரிமை வாங்கலாம். உலகம் அடுத்த பல பத்தாண்டுகள் ஈயப் புகையைச் சுவாசித்தது. இந்தியா முழுவதும் அது நின்றது 2000 பிப்ரவரியில். கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

பொறுமையுள்ள பெட்ரோல் என்ன சாதிக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கார் அல்ல, விமானம். 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் 87 ஆக்டேன் பெட்ரோலை விட்டு 100 ஆக்டேனுக்கு மாறின. அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். சுமார் 1030 குதிரைத்திறன் தந்தது 1310 குதிரைத்திறன் தந்தது. இதைக் கேட்டதும், 'பார்த்தீர்களா, பெட்ரோலில் சக்தி இருக்கிறது' என்று சொல்லத் தோன்றும். பெட்ரோலை மட்டும் மாற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. காற்றை உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். 87 ஆக்டேனில் அப்படித் திணித்திருந்தால் பிஸ்டன்கள் நொறுங்கியிருக்கும். பெட்ரோல் அனுமதி கொடுத்தது, அவ்வளவுதான். கூடுதல் காற்றும் அதற்கேற்ற கூடுதல் பெட்ரோலும்தான் வேலையைச் செய்தன.

இன்று உயர் ஆக்டேன் கேட்கும் கார்களும் இதே ரகம்தான். ஒன்று, அமுக்க விகிதம் அதிகம். அல்லது டர்போ வைத்துக் காற்றைத் திணிக்கின்றன. பல கார்களில் இரண்டும். ஆனால் அமுக்க விகிதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் முடியாது. டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களின் விகிதம் 13, ஆனாலும் சாதாரண பெட்ரோல் போதும். அவற்றில் உள்வாங்கும் வால்வு தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடுகிறது. காகிதத்தில் 13, நிஜத்தில் அமுங்குவது அதைவிடக் குறைவு. விரிவது மட்டும் முழுதாக 13. சாமர்த்தியம்! பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவதும் உதவும். ஈரத் துணி உடம்பைக் குளிர்விப்பதுபோல் அது ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது.

இன்னொரு பெரிய மாற்றம், மாமாவின் மெக்கானிக் இப்போது இன்ஜினுக்குள்ளேயே குடியேறிவிட்டார். இன்ஜின் உடம்பில் திருகப்பட்ட ஒரு சிறு உணரி, அந்த ஆறேழாயிரம் அதிர்வு காதில் விழுந்ததும் கணினிக்குச் சொல்கிறது. கணினி டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளுகிறது. சற்றுப் பொறுத்து மெல்ல முன்னே கொண்டுவந்து பார்க்கிறது. ஆகவே 95 கேட்கும் காரில் 91 ஊற்றினால் உடனே வெடித்துவிடாது. இழுவை குறையும், மைலேஜ் குறையும், பாரம் ஏற்றி வெயிலில் மலை ஏறினால் ஆபத்தும் உண்டு. மறுதலையாக, 91-க்கென்றே அளந்து வைத்த காரில் 100 ஊற்றினால் கணினி கேட்டுக்கொண்டிருக்கும், தட்டல் வராது. ஆனால் அதற்கென்று எழுதி வைத்த வரம்பைத் தாண்டி டைமிங்கை முன்னே கொண்டுபோக அதற்கு அனுமதி இல்லை. காசு மட்டும் போகும்.

இலங்கையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தினமும் சந்திக்கிறார்கள். அங்கே 'ஒக்டேன் 92', 'ஒக்டேன் 95' என்று பெயர் சொல்லித்தான் பெட்ரோல் அடிக்கிறார்கள். அங்கு ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானியத் தர விதிப்படி அந்நாட்டின் சாதாரண பெட்ரோலுக்கு 89 இருந்தால் போதும். உயர் ரகத்துக்கு 96. ஜப்பானில் சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த சிறு காருக்கு 92 தாராளம், 95 ஆடம்பரம்.

இந்தியாவில் நிலைமை வேறு விதமாகச் சுவாரசியமானது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தபின் சாதாரண பெட்ரோலின் எண்ணே 91-இலிருந்து 95-க்கு ஏறியிருப்பதாக அரசு சொல்கிறது. எத்தனாலின் பொறுமை அப்படிப்பட்டது. மிட்ஜ்லி ஒதுக்கிவிட்டுப் போனது நூறு வருடம் கழித்து நம் டேங்கில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே இ20-இல் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு. ஆக்டேன் ஏறியது, சக்தி இறங்கியது, இரண்டும் ஒரே பெட்ரோலில். ஆக்டேன் என்றால் சக்தி என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது. 95-ஐ நம்பி அமுக்க விகிதத்தைக் கூட்டி வடிவமைக்கும் புதிய இன்ஜின்கள் அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம். 91-க்கென்று செய்து ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளால் அது பெரும்பாலும் முடியாது. அவற்றின் பிஸ்டன் ஏறும் உயரம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. மைலேஜ் குறைந்துவிட்டது என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

உங்கள் காரின் பெட்ரோல் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள்; அங்கே இல்லாவிட்டால் வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு சொல்லும் அச்சிட்டிருப்பார்கள். 'குறைந்தபட்சம்' என்றிருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். 'பரிந்துரை' என்றிருந்தால் உங்கள் பர்ஸின் விருப்பம். ஒரு எண்ணும் இல்லையென்றால் பங்கில் வரிசையில் நிற்கும் எல்லோரும் போடும் பெட்ரோலையே போடுங்கள்.